விரதத்தின் மூன்றாம் நாள் பசி எங்கே போகிறது?

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு விரதம் இருந்தேன், முதல் இரண்டு நாள் பசி உயிரை வாங்கியது, மூன்றாம் நாளிலிருந்து பசி அடங்கித் தலை தெளிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு வரவில்லை என்பதை மூளைக்கு யார் போய்ச் சொல்வது, ரத்தத்தில் சர்க்கரை குறைவதா, இல்லை ஹார்மோன்களா, அந்தத் தெளிவுக்குக் கெட்டோன்தான் (பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்கிற எரிபொருள்) காரணமா என்பது கேள்வி. கடைசி வரியில், சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுக்கும் அப்பா அடுத்த வருடம் இதே மாதிரி இருக்க ஆசைப்படுகிறார், இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் இதில் அவசரமான கேள்வி என்று படுகிறது, ஆனால் மற்றதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் புரியாது. நான் மருத்துவக் கல்லூரியில் பல வருடம் உடலியங்கியல் பாடம் எடுத்தவன். நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதுகிறவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சர்க்கரை. சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், இறங்கியதும் மூளை பசியைக் கிளப்பும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1953-ல் ஷான் மேயர் என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானி கிட்டத்தட்ட இப்படித்தான் ஒரு கொள்கையே முன்வைத்தார். ஆனால் ஆரோக்கியமான ஒருவருக்கு ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் காலையில் பார்த்தால் 80, 90 என்று இருக்கிற சர்க்கரை, மறுநாளும் சாப்பிடாமல் இருந்தால் 70-ஐ ஒட்டி வந்து நின்றுகொள்ளும். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். விரதத்தின்போது உடம்பு படுகிற பாடெல்லாம் அதை மேலும் இறங்கவிடாமல் பிடித்து வைக்கத்தான். இந்தப் பிடி விட்டுப்போய் 70-க்குக் கீழே வேகமாக இறங்கினால் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரினலினும் கிளம்பும், 55 வாக்கில் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி எல்லாம் வரும். ஹைப்போதலாமஸ் என்கிற மூளையின் அடிப்பகுதியில் குளுக்கோஸை நேரடியாக அளக்கும் நியூரான்கள் இருக்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது அபாயத்துக்கான ஏற்பாடு. சாதாரணமாகப் பகல் 11 மணிக்கு எடுக்கிற பசிக்கு அது காரணம் இல்லை.

அப்புறம் வயிறு. 1912-ல் ஹார்வர்டில் வால்டர் கேனன், தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு பலூனை விழுங்கவைத்து, அவர் பசிக்கிறது என்று சொல்கிற நேரமும் இரைப்பை சுருங்குகிற நேரமும் ஒத்துப்போவதைப் பதிவு செய்தார். ஆகவே வயிற்றைக் கிள்ளுகிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை. காலியாக இருக்கிற இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதியைக் கீழே தள்ளிவிடுகிற வேலை அது, சத்தமும் அதனால்தான். ஆனால் புற்றுநோய்க்காக இரைப்பையையே எடுத்துவிட்டவர்களுக்கும் பசி எடுக்கிறது. சுருக்கம் பசியோடு சேர்ந்து வருவது, அவ்வளவுதான்.

இரைப்பையிலிருந்து கிளம்புகிற முக்கியமான செய்தி ரத்தம் வழியாகப் போகிறது. அது கிரெலின் என்ற ஹார்மோன், 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது. சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும், ஊசி மூலம் செலுத்தினால் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். இதுவரை உறுதி. நீங்கள் கேட்டதற்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் இனிமேல்தான். ஒரு நாளைக்கு மேல் பட்டினி இருந்தவர்களிடம் அடிக்கடி ரத்தம் எடுத்து அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. காலை, மதியம், இரவு என்று அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில் கிரெலின் ஏறியது, எதுவும் சாப்பிடாமலேயே கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியும் விட்டது. அதாவது நீங்கள் சாப்பிடாத ஒவ்வொரு மணி நேரமும் பசி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதில்லை, பழகின நேரத்துக்கு அலையாக வந்து போகிறது. உங்கள் முதல் நாள் மதியம் ஒரு மணிக்குத் தாங்க முடியாமல் இருந்து மூன்றரைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஆகியிருந்தால் ஆச்சரியமே இல்லை. ரமலானில் முதல் வாரம் கஷ்டமாக இருந்து பிறகு பழகிப்போகிறது என்று நோன்பிருப்பவர்கள் சொல்வதிலும் இந்தப் பழகின நேரம் மாறுவதற்குப் பங்கு இருக்கலாம்.

கிரெலினைப் பசி ஹார்மோன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அதற்கு நியாயம் செய்வதாகாது. வேலை செய்யும் வடிவக் கிரெலின் உருவாகாதபடி மரபணுவை மாற்றிய எலிகளை, கோல்ட்ஸ்டைனும் பிரவுனும் (கொலஸ்டிரால் ஆய்வுக்கு நோபல் வாங்கிய அதே இருவர்தான்) அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். எலிகளின் சர்க்கரை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கியது. கிரெலின் மூளையடிச் சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது, நீண்ட பட்டினியில் சர்க்கரை விழாமல் பிடித்துவைப்பதில் அந்த வளர்ச்சி ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது. எலியில் இது தெளிவாகத் தெரிகிறது, மனிதரில் இதே அளவுக்கு முக்கியமா என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது ஏறுகிற செய்தி. விரதத்தில் மூளை அதைவிட அதிகமாகக் கவனிப்பது இறங்குகிற செய்திகளைத்தான் என்பது என் கருத்து, பாடம் எடுக்கும்போது மாணவர்களிடம் எப்போதும் இதை அழுத்திச் சொல்வேன். சாப்பாடு நின்றதும் முதலில் இறங்குவது இன்சுலின். அது இறங்கியதால்தான் கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுகிறது, கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை விடுகிறது. இன்சுலின் மூளைக்குள்ளும் போகும். 1979-ல் பபூன் குரங்குகளின் மூளைத் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினைச் செலுத்தியபோது அவை குறைவாகச் சாப்பிட்டு எடை குறைந்தன. அப்படியானால் இன்சுலின் இறங்குவது மூளைக்கு "வரத்து நின்றுவிட்டது" என்கிற தகவல். இரண்டாவது லெப்டின், கொழுப்பு செல்களிலிருந்து வருவது. 1994-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதன் மரபணுவைக் கண்டுபிடித்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே குதித்தது. பருமனானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலோருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் நிறைய இருந்தது. அதிகமாவதைவிடக் குறைவதைத்தான் மூளை பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

அதற்கு இரண்டு சான்று சொல்கிறேன். 1996-ல் எலிகளை இரண்டு நாள் பட்டினி போட்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் லெப்டின் ஊசி போட்டார்கள். பட்டினியில் வழக்கமாக நடக்கிற மாற்றங்கள், அதாவது தைராய்டு மந்தமாவது, இனப்பெருக்க ஹார்மோன்கள் குறைவது, மன அழுத்த ஹார்மோன் ஏறுவது எல்லாம் அந்தப் பிரிவில் வெகுவாக மட்டுப்பட்டன. வயிறு காலி, ஆனாலும் மூளை பட்டினி என்று முழுதாக நம்பவில்லை. இரண்டாவது, 1997-ல் கேம்பிரிட்ஜில் பதிவான இரண்டு குழந்தைகள், ஒன்றுவிட்ட உறவு. பிறவியிலேயே லெப்டின் இல்லை. பெண் குழந்தைக்கு 8 வயதில் 86 கிலோ எடை. அவ்வளவு கொழுப்பு உடம்பில் இருந்தும் மூளைக்கு அது தெரியாததால் எந்நேரமும் பசி. லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி அடங்கி எடை இறங்கியது.

உங்கள் மாதிரி ஆரோக்கியமானவர் விரதம் இருந்தால் ஒன்றரை நாளிலேயே லெப்டின் பாதிக்கும் கீழே வந்துவிடும். அந்த நேரத்துக்குள் கொழுப்பு சில நூறு கிராம்தான் கரைந்திருக்கும். சம்பளம் நின்ற மறுநாளே, பேங்கில் இருப்பு அப்படியே இருக்கும்போதும், வீட்டில் செலவைச் சுருக்க ஆரம்பிக்கிறார்களே, அந்த மாதிரி. இன்சுலின் இறங்குவதே லெப்டினையும் கீழே இழுக்கிறது என்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

சரி, இதையெல்லாம் மூளையில் படிப்பது யார்? 1940-ல் ஹெதரிங்டனும் ரேன்சனும் எலிகளின் ஹைப்போதலாமஸில் நடுப்பக்கத்தைச் சிதைத்தபோது அவை ஊதிப் பெருத்தன. 1951-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பிரோபெக்குடன் சேர்ந்து, பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தால் விலங்கு சாப்பிடுவதையே நிறுத்திவிடும் என்று காட்டியவர் நம் ஊர்க்காரர், பி.கே. ஆனந்த், பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பியவர். பசி மையம், நிறைவு மையம் என்று அந்தக் காலப் புத்தகங்களில் எழுதியது இப்போது ரொம்பவே எளிமைப்படுத்தியதாகத் தெரிகிறது, ஆனாலும் இடம் சரிதான். அதே ஹைப்போதலாமஸின் அடியில், ரத்தத்திலிருந்து பொருட்கள் மற்ற இடங்களைவிடச் சுலபமாகக் கசியக்கூடிய ஓரத்தில், ஆர்க்குவேட் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே ஏஜிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிற ஒரு கூட்டம் நியூரான்கள் பசியை ஏற்றும், பிஓஎம்சி நியூரான்கள் அடக்கும். கிரெலின் முதல் கூட்டத்தை உசுப்பும், லெப்டினும் இன்சுலினும் அதை அடக்கும். வளர்ந்த எலியில் ஏஜிஆர்பி நியூரான்களை அழித்தால் சாப்பாட்டை முன்னால் வைத்தாலும் தொடாமல் பட்டினி கிடக்கும், 2005-ல் காட்டினார்கள். வயிறு நிறைந்த எலியில் அவற்றை ஒளியால் தூண்டினால் கண்மூடித்தனமாகச் சாப்பிடும், இது 2011.

இதைவிடச் சுவாரசியமானது 2015-ல் வந்தது. பசித்த எலியின் ஏஜிஆர்பி நியூரான்களை அது நடமாடும்போதே கண்காணித்தார்கள். சாப்பாட்டைக் கண்டதும், வாசனை பிடித்ததும், ஒரு வாய் கூட உள்ளே போகாத நிலையில், சில நொடிகளில் அந்த நியூரான்கள் அடங்கிவிட்டன. எல்லாரும் எதிர்பார்த்தது நேர்மாறானது. சாப்பாடு கிடைக்கப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது, பிறகு குடல் அதைச் சரிபார்க்கிறது: உள்ளே போனதில் சத்து இருந்தால்தான் அந்த அடக்கம் நீடிக்கும், சத்தில்லாத ஜெல்லைக் கொடுத்தால் நியூரான்கள் திரும்ப எழுந்துவிடும். அந்தச் சரிபார்ப்புக்குக் குடலில் சுரக்கிற சிசிகே, பிஒய்ஒய், இப்போது எடை குறைக்கும் ஊசியால் எல்லார் வாயிலும் அடிபடுகிற ஜிஎல்பி-1 ஆகிய ஹார்மோன்களும், குடலிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகிற வேகஸ் நரம்பும் உதவுகின்றன. விரதத்தில் இவை எல்லாம் அடங்கிக் கிடக்கும். திருச்செந்தூரில் ஆறு நாளும் கோவில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருக்கிறவர்களை, அடுக்களையும் தாளிப்பு வாசனையும் உள்ள வீட்டிலேயே இருக்கிறவர்களோடு ஒப்பிட்டு யாராவது அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. மனித மூளையில் ஒற்றை நியூரான் கூட்டத்தை எலியில் மாதிரி கண்காணிக்க முடியாதே, அதுதான் தடை.

இனிக் கெட்டோனுக்கு வருவோம். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ். கல்லீரலில் கிளைகோஜனாக இருப்பு வைத்திருப்பது 100 கிராம் வாக்கில்தான், ஒரு நாளில் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். தசையில் அதைப்போல் நாலு மடங்கு இருக்கிறது, ஆனால் அதைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுகிற நொதி தசையில் கிடையாது, அது தசைக்கே உரியது. அதற்குப் பிறகு புரதத்தைக் கரைத்துத்தான் குளுக்கோஸ் செய்யவேண்டும். மூளை முழுக்க அதை மட்டுமே நம்பியிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தசை தாங்காத அளவுக்குக் கரைந்து உயிர் போய்விடும், ஆனால் மனிதர்கள் தண்ணீர் மட்டும் குடித்து அதைவிட ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். 1967-ல் போஸ்டனில் ஆலிவர் ஓவனும் ஜார்ஜ் கேஹிலும் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். உடல் பருமனுக்காக மருத்துவமனையில் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த மூன்று பேரின் மூளைக்குள் போகிற ரத்தத்தையும் வெளியே வருகிற ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளை எரித்த எரிபொருளில் பாதிக்கும் மேல் குளுக்கோஸ் இல்லை, கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்து அனுப்புகிற கெட்டோன்கள். ராத்திரிப் பட்டினிக்குப் பிறகு ரத்தத்தில் 0.1, 0.2 மில்லிமோல் இருக்கிற கெட்டோன், முழுப் பட்டினியின் மூன்றாம் நாள் 2, 3 வரை போகும், சில வாரங்களில் 5-ஐத் தாண்டும். மூளைக்குள் போகிற அளவும் ரத்தத்தில் இருக்கிற அளவை ஒட்டியே ஏறும். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதது. உங்கள் மூன்றாம் நாளும் இந்த மாற்றத்தின் நேரமும் பொருந்துகின்றன.

ஆனால் நீங்கள் இளநீர் குடித்திருக்கிறீர்கள், எத்தனை என்று சொல்லவில்லை. ஓர் இளநீரில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை வரும், காயைப் பொறுத்துக் கூடும் குறையும். நாளைக்கு 100 கிராம் மாவுச்சத்து போனாலே கெட்டோன் உற்பத்தி பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு மூன்று இளநீர் என்றால் கெட்டோன் நன்றாகவே ஏறியிருக்கும், ஏழெட்டு என்றால் அவ்வளவு இருந்திருக்காது. பால் பழ விரதம் இருந்தவர்களுக்கும் பெரிதாக ஏறியிருக்காது, அவர்களிலும் மூன்றாம் நாள் பசி தெரியவில்லை என்கிறவர்கள் உண்டு.

அதனால்தான் கெட்டோன் மூளைக்கு உணவு என்பதை உறுதியாகவும், கெட்டோன் பசியை அடக்குகிறது என்பதை அநேகமாக என்றும் சொல்கிறேன். கெட்டோன் எஸ்டர் என்கிற பானத்தைக் குடித்த சிலருக்குக் கிரெலினும் பசியும் குறைந்ததை 2018-ல் காட்டினார்கள், எடை குறைத்தவர்களுக்கு வழக்கமாக ஏறுகிற கிரெலின் கெட்டோன் நிலையில் இருக்கிறவரை ஏறவில்லை என்றும் ஓர் ஆய்வு உண்டு. இன்னொரு பக்கம், 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றுக்குச் சாப்பிடவைத்த சோதனையைப் பாருங்கள். உருளைக்கிழங்கும் ரொட்டியும் தினமும் கிடைத்தும் அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, சமையல் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டு அலைந்தார்கள். அரைவயிறு சாப்பிடுகிறவனைவிட முழுப் பட்டினிக்காரனுக்குப் பசி குறைவு என்பது வினோதமாகத் தெரியலாம், ஆனால் அரைவயிற்றில் கெட்டோன் ஏறாது, கிரெலின் ஒவ்வொரு வேளையும் எதிர்பார்த்து எழும். இதில் கெட்டோனின் பங்கு எவ்வளவு, இனி ஆறு நாள் சாப்பாடு கிடையாது என்று மனதில் முடிவு செய்துவிட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. விரதம் இருப்பது விரதம் இருப்பவருக்குத் தெரியாமல் ஆய்வு செய்ய முடியாதல்லவா.

முடியாது என்றா சொன்னேன், ஒரு தடவை செய்தார்கள். 2008-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் இரண்டு நாள் ஜெல் மாதிரியான உணவு மட்டுமே கொடுத்தார்கள். சிலமுறை அதில் போதுமான சத்து, சிலமுறை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, ருசியில் வித்தியாசம் தெரியாது. நினைவாற்றல், கவனம், எதிர்வினை வேகம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். மந்தமும் இல்லை, கூர்மையும் கூடவில்லை. ஆகவே உங்கள் தெளிவை நான் மறுக்கவில்லை, அளந்து பார்த்தபோது அது மதிப்பெண்ணில் தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதுவும் இரண்டு நாள்தான், ஆறு நாளுக்கு அதை நீட்டிச் சொல்ல முடியாது. விழிப்பு கூடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதல் சில நாட்களில் நார்அட்ரினலின் ஏறுகிறது, ஓய்விலிருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி கூட அப்போது சற்றே கூடுகிறது. எலியில் ஒரெக்சின் என்ற விழிப்பு நியூரான்கள் குளுக்கோஸும் லெப்டினும் குறைந்தால் அதிகம் வேலை செய்கின்றன. பசித்த பிராணி தூங்கிக்கொண்டிருந்தால் இரை கிடைக்காது என்ற கணக்கில் பார்த்தால் அர்த்தமாகவும் படுகிறது. யூடியூபில் சொல்கிற "16 மணி நேரத்தில் மூளையில் ஆட்டோஃபேஜி" கதையை மட்டும் நம்பாதீர்கள். செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்வதைப் பற்றிய அடிப்படை ஆய்வுக்கு ஒசுமி 2016-ல் நோபல் வாங்கினார், அது ஈஸ்ட்டில் செய்தது. உயிருள்ள மனித மூளையில் அதை அளந்து மணிக்கணக்கு சொல்கிற வழியே இன்னும் கையில் இல்லை. எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போடுவதும் ஆபத்து: கல்லீரல் சுரக்கிற எஃப்ஜிஎஃப்-21 என்ற பட்டினி ஹார்மோன் எலியில் ஒரு நாளுக்குள் ஏறிவிடும், மனிதரில் ஏற ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

இந்தச் செய்திகளுக்கெல்லாம் மூளை பதில் சொல்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு. தைராய்டின் வேலை செய்யும் வடிவமான டி3 இறங்கும், கார்டிசால் ஏறும். உடற்பயிற்சியும் செய்துகொண்டு குறைவாகச் சாப்பிடுகிற பெண்களுக்கு ஐந்தே நாளில், மாதவிடாய்ச் சுழற்சியை நடத்துகிற எல்எச் ஹார்மோனின் துடிப்பு தடுமாறுவதைக் காட்டியிருக்கிறார்கள். அடிக்கடி நீண்ட விரதம் இருந்து மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள் அதை உடம்பு சுத்தமாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விரதம் முடிக்கும் நாளும் முக்கியம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர் ஒரேயடியாக விருந்து சாப்பிட்டால், இன்சுலின் திடீரென்று ஏறி ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது இதயத்தைப் பாதிக்கிற அளவுக்குப் போகலாம். சூரசம்ஹாரம் முடிந்து முதலில் கஞ்சி, மறுநாள் கொஞ்சமாகச் சாதம் என்று போவது நல்லது.

இப்போது அப்பா விஷயம். என்ன மாத்திரை என்று சொல்லவில்லை, பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன அத்தனையும் இன்சுலின் இறங்குவதில் தொடங்குகிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும், இன்சுலின் ஊசியும் அப்படித்தான் தன் வேலையைச் செய்யும். அதாவது அந்த முதல் செய்தியே போகாது. கல்லீரல் சர்க்கரையை விடாது, கொழுப்பு கரையாது, கெட்டோனும் உருவாகாது, மூளைக்கு இரண்டு எரிபொருளும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகும். உங்களுக்கு மூன்றாம் நாள் தெளிவு வந்தது என்றால் அவருக்கு முதல் நாள் சாயங்காலமே மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையாக இருந்தால் தலைகீழ்: பட்டினியோடு சேர்ந்து கெட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறும், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமல் இருப்பதால் வீட்டு மீட்டரைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல்தான் அடையாளம். வெறும் மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை விழுகிற பயம் குறைவு. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன் வகை மாத்திரை எடுக்கிறார், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது என்றால், இளநீரில் இருக்கிற பொட்டாசியமே பிரச்சினை ஆகும், அவருக்கு ஆறு நாள் இளநீர் விரதம் வேண்டவே வேண்டாம்.

ரமலான் நோன்புக்கென்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், நோன்பு நாட்களில் விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும் என்கிறது. சஷ்டிக்கு அப்படி எழுதி வைத்தது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, இதையே எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசியில் விரதம் என்றால் ஆவணிக் கடைசியிலேயே அப்பாவை, எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற விரதத்துக்கு டாக்டர் சம்மதிக்கலாம், அதற்கும் கிளிமிபிரைடு அளவைக் குறைத்த பிறகுதான்.